வெள்ளிச் சுண்டுவிரல்

ஆபரேஷனுக்கு முன் நகச்சாயத்தை அழித்தாக வேண்டும் என்றாள் நர்ஸ். ஞானசிகாமணி இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். எழுபத்து நான்கு வயது ஆணின் சுண்டுவிரல் நகம் மட்டும் வெள்ளியாக மின்னியது.

"என்ன தாத்தா, கல்யாணப் பொண்ணா நீங்க?"

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே இதை அழிக்கல சிஸ்டர்."

அவர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொழில் பழகிய 1973-ஆம் வருடம், டின் பீகாக்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் டிரம்மர், உயரக் குதிகால் பூட்ஸும் உதட்டுச்சாயமுமாக மேடை விளிம்பில் குனிந்து, முன்வரிசையில் நின்ற அவருக்குத் தன் நகச்சாயப் புட்டியிலிருந்தே பூசிவிட்ட நிறம் அது. பிறகு எழுந்து டிரம்ஸுக்குப் போய், 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று கத்தி அடுத்த பாட்டைத் தொடங்கினான். தேய்ந்தபோதெல்லாம் இவரே மறுபடி பூசிக்கொண்டார். அலுவலகம் சிரித்தது. மாமனார் ஒரு வருடம் பேசவில்லை.

"விரல்ல மெஷின் மாட்டணும் தாத்தா. மூச்சு சரியா இருக்கான்னு அதுதான் காட்டும்."

"மிச்சம் ஒன்பது சும்மாத்தானே இருக்கு?"

மயக்க மருந்து டாக்டர் சிரிக்காமல் வலது ஆள்காட்டி விரலில் மாட்டினார். ஊசி ஏறியது.

"பத்துலேருந்து பின்னாடி எண்ணுங்க."

ஞானசிகாமணி இடது கையை வெளியே எடுத்து, வெள்ளி நகத்தால் கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினார்.

"ஒன், டூ, த்ரீ..."