தனித் தட்டு

"வீட்டு மனுஷனுக்கு நாய்க்கு வைக்கிற மாதிரி மூலையில சோறு வைக்கறீங்களே அக்கா, மனசு உறுத்தலையா?"

சின்ன மருமகள் கேட்டே விட்டாள். பெரிய மருமகள் அடுப்பைத் துடைத்தாள்.

கொழுந்தனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து, மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து இதே கூத்துதான். எல்லாரும் சாப்பிட உட்காரும் முன்பே அவனுக்கு மட்டும் பின் அறையில் தட்டு. கதவையும் சாத்திவிடுவாள் பெரியவள். ஏணி மேல் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே பெயின்ட் அடித்தவன், இப்போது வாசப்படி ஏறவே மூச்சு வாங்கினான்.

"ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாதுன்னு நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல, விடு."

விடுகிற ஆளா அவள்? மறுநாளே பின் அறைக்குப் போய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வாங்க தம்பி. இனிமே எங்களோடதான்."

அவன் பெரிய அண்ணியைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

அதிலிருந்து வீடே கலகலப்பாகிவிட்டது. சின்னவளின் பிள்ளைகள் இரண்டும் "சித்தப்பா பக்கத்துல நான்தான்" என்று முட்டிமோதி உட்கார்ந்தார்கள். அவன் தட்டிலேயே கைபோட்டுச் சாப்பிட்டார்கள்.

"பார்த்தீங்களா அக்கா? என் பிள்ளைங்களுக்கு இருக்கிற மனசு."

பெரியவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குச் சின்னவளே கொழுந்தனைக் கூட்டிப் போனாள். எடை பார்த்த நர்ஸ் அவனை இறங்கச் சொல்லி, திரும்ப ஏறச் சொன்னாள்.

"என்னம்மா இது, போன தடவை ஏறினதெல்லாம் இறங்கிப் போச்சு?"

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறாரு சிஸ்டர். நான்தான் எடுத்துக் குடுக்கறேன்."

"மாத்திரை மட்டும் போதாதும்மா. இவ்வளவு மெலிஞ்சு போய் மருந்து ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் சில மாசம்தான் கண்டம். வயித்துக்குச் சத்தா ஏதாவது போகணும். இல்லேன்னா மருந்து உடம்பைத் தேத்தறதுக்குள்ள ஆளே இருக்க மாட்டார். வீட்டுல என்னதான் குடுக்கறீங்க?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்துதான் சாப்பிடறோம் சிஸ்டர். நாங்க வித்தியாசமே பார்க்கறதில்ல."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் தம்பி, சோறு இறங்கலையா? என் சமையல் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. வைதாலும் வைவேன், மாத்திச் செஞ்சு போடுவேன்."

"சமையல் நல்லாத்தான் இருக்கு அண்ணி."

"அப்புறம்?"

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சோத்துக்கு அடியில பெரிய அண்ணி முட்டை ஒளிச்சு வைப்பாங்க. அவங்க பங்கையும் சேர்த்து. பசங்களுக்குத் தெரிஞ்சா ஏங்கிப் போயிடும், வெளியில சொல்லாதேன்னுதான் கதவைச் சாத்துவாங்க. இப்பவும் வைக்கிறாங்க. ரெண்டு பக்கமும் அதுங்க வாயைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறப்ப, நான் எப்படி அண்ணி முழுங்கறது?"



அன்று சாப்பாட்டு நேரத்தில் தட்டை அவளே பின் அறையில் கொண்டுபோய் வைத்தாள். கொழுந்தனை உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

கூடத்திலிருந்து மகள் கத்தினாள்.

"ஏம்மா சித்தப்பாவுக்கு நாய்க்கு வைக்கிற மாதிரி மூலையில சோறு வைக்கிற?"

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சின்னவள் துணியை எடுத்து, துடைத்திருந்த அடுப்பையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.