புது ஆளுக்கு ஒரு புறாக்கூண்டு

“அவனுக்கு ஒரு புறாக்கூண்டு போதும்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டே கீபோர்டைத் தட்டினார் ரூட்டு.

பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை வரப்போகிற புது ஆளுக்காக சர்வரில் ஹோம் டைரக்டரி தயாராகிக்கொண்டிருந்தது. ஒருவர் தன் கோப்புகளை வைத்துக்கொள்ள சர்வருக்குள் கிடைக்கும் தனி அறை அது. அலுவலகத்தின் முப்பத்தெட்டுப் பேருக்கும் அதை அமைத்துக் கொடுத்தவர் இவர்தான்.

“அண்ணா, எனக்கு இருபது ஜிபி கொடுத்தீங்க. இவருக்கு வெறும் பத்து எம்பியா?”

“நாலு போட்டோ வச்சா நிரம்பிடும். நல்லா திணறட்டும்.”

ரூட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. மற்றவர்கள் ஆளுக்கொரு கணக்கில் நுழைய, இவர் மட்டும் பதினாலு வருஷமாக, எல்லாப் பூட்டையும் திறக்கிற ரூட் கணக்கிலேயே நேராக நுழைவார். கேட்டால், “சமையல்காரனுக்கு எதுக்குய்யா சாப்பாட்டு டோக்கன்?” என்பார்.

போன வாரம் பாதுகாப்புச் சோதனைக்கு வந்த இருவர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ஒருவர் உதட்டைப் பிதுக்கினார், இன்னொருவர் எதையோ குறித்துக்கொண்டார். மறுநாளே மேலாளர் மேடத்திடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது: ‘திங்கள் முதல் சர்வர் தலைமைப் பொறுப்பாளருக்குப் புதுக் கணக்கு தேவை. கணக்கின் பெயர்: காவலன்.’

“யாரு மேடம் அது?” என்று போய்க் கேட்டார்.

“திங்கட்கிழமை தெரிஞ்சிடும்” என்று சிரித்தார் மேடம்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இத்தனை வருஷம் தான் பார்த்துவந்த பொறுப்புக்கு வேறு ஆள் வருகிறான் என்று ரூட்டு முடிவுகட்டிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் இனி யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? மகள் இப்போதுதான் கல்லூரியில் காலெடுத்து வைத்திருக்கிறாள். வீட்டில் அவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வழக்கமாகப் புதியவர்களுக்கு மாதிரிக் கோப்புகள், குறுக்குவழிகள், கண்ணுக்கு இதமான நிறம் எல்லாம் போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதுபோல் பார்த்துப் பார்த்துத் தயார் செய்வார். இவனுக்கு அதெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் கருநீல எழுத்து வைத்தார். எந்தக் கட்டளை கொடுத்தாலும் பத்து விநாடி தூங்கிவிட்டுத்தான் எழுந்திருக்கும்படி செய்தார்.

“பாவம்ணா, வர்றவரு உங்களுக்கு என்ன செஞ்சாரு?”

“என் சோத்துல மண்ணள்ளிப் போடறானே, அது போதாதா?”

கடைசியாக, உள்ளே நுழைந்ததும் திரையில் வரும் வரவேற்பு வாசகம். அதை மட்டும் கொட்டை எழுத்தில், வெள்ளை நிறத்தில், நிதானமாகத் தட்டினார்: ‘வாடா ராசா! மேடத்துக்கு ஆளை எடைபோடத் தெரியாது என்பதற்கு நீயே சாட்சி!’

பக்கத்து சீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, மேடம் பாத்துட்டா?”

“போறவனுக்கு என்னம்மா பயம்?”

கடவுச்சொல்லை எழுதி உறையில் போட்டு ஒட்டி, மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். நாலு நாளாக எரிந்துகொண்டிருந்த வயிறு அப்போதுதான் கொஞ்சம் குளிர்ந்தது.

திங்கட்கிழமை காலை கூட்ட அறையில் உட்கார இடமில்லை. சுவரை அடைத்துக்கொண்டு பெரிய திரை தொங்கியது. வருகிறவன் முகம் போகிற போக்கை அருகிலிருந்து ரசிக்க, ரூட்டு முதல் வரிசையிலேயே இடம்பிடித்திருந்தார்.

“சோதனைக்கு வந்தவங்க சொன்னபடி, இனிமே ரூட் கணக்குல யாரும் நேரா நுழைய முடியாது” என்று ஆரம்பித்தார் மேடம்.

கையிலிருந்த சாவியையும் பிடுங்கிவிட்டார்களே என்று ரூட்டு நினைத்துக்கொண்டார். இருக்கட்டும், இன்னும் ஐந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் வேடிக்கை இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

“நம்ம தலைமைப் பொறுப்பாளர் இப்ப அவரோட கணக்குல முதல் தடவையா நுழையப் போறாரு. எல்லாரும் பாக்கணும்னுதான் இவ்வளவு பெரிய திரை. எங்க, பலமா ஒரு கைதட்டு!”

அறை அதிர்ந்தது. ரூட்டும் தட்டினார், எல்லோரையும்விடப் பலமாக. தட்டிக்கொண்டே திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

மேடம் உறையைப் பிரித்தார். கீபோர்டை நகர்த்தி வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வரிசையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

“வாசலை ஏன் பாக்கறீங்க? எழுந்து வாங்க, அது உங்க கணக்குதான்!”