நாய் வாசலில் ஒரு தற்செயல்

“கோசலா, தற்செயலாச் சந்திக்கிற மாதிரி முகத்தை வைச்சிரும்” என்று இவர் காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ என் காதுக்குள் சொன்னார்.

தற்செயலாகச் சந்திக்கிறவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பட்டுச்சேலைக்குள் அவிந்துகொண்டிருக்கிற முகம்தான் என்னிடம் இருந்தது.

நாங்கள் நின்றது பொம்பெயில். எரிமலை சாம்பலைக் கொட்டி மூடிவிட்ட ஊர். சுவிஸில் நாங்கள் இருக்கிற லோசானிலிருந்து ஜெனோவாவுக்குப் போய், அங்கே கப்பலேறி, நேபிள்ஸில் இறங்கி, ஒரு பழங்கால வீட்டு வாசலில் நின்றோம். வாசல் தரையில் சின்னச் சின்னக் கற்களால் ஒரு நாயின் உருவம் பதித்திருந்தார்கள்.

எங்கள் மகள் மதுஜாவை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற இடம் அதுதான்.

கோயிலில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அங்கே பூசை முடிவதற்குள் கதை சூரிச் வரை போய்விடும். சரிவராவிட்டால் இரண்டு வீட்டுக்கும் வெட்கம்.

“பொம்பெயில ஆர் கதை பரப்பிறது? அங்க எல்லாரும் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே செத்துப்போச்சினம்” என்றார் இவர். தரகர் சண்முகநாதனும் தலையாட்டி, இரண்டு குடும்பத்தையும் ஒரே கப்பலில் இடம் எடுக்கச் சொல்லிவிட்டார்.

செத்த ஊரில் நல்ல காரியமா என்று நான் கேட்காமல் இல்லை. சாவுத் துடக்கு எப்போதோ கழிந்துவிட்டதாம். இவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும்.

என் பயம் வேறு. மூன்று பேரை வேண்டாம் என்றவள் மதுஜா. இதுதான் கடைசி, இதுவும் பிடிக்காவிட்டால் இனி என்னிடம் கலியாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினாள். சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை.

மாப்பிள்ளைக்கு லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. தரகர் அனுப்பிய படத்தில் அவர் பனிச்சறுக்குக்குப் போயிருந்தார். தலையில் தலைக்கவசம், கண்ணை மூடி ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி. தெரிந்தது வாய்க்குக் கீழே நாடி மட்டும்தான். இவர் அந்த நாடியைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, நல்ல குடும்பம் என்றார்.

தெருமுனையில் மூன்று பேர் வந்தார்கள். தகப்பன், தாய், ஒரு பெடியன். தாய் பட்டுச்சேலை.

அந்த வெயிலில், இடிந்த ஊர் பார்க்க, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு யாராவது சும்மா வருவார்களா?

“அட, தமிழரோ! எதிர்பாக்கவே இல்லை!” என்றார் இவர். அந்தத் தகப்பனும் அதே நேரத்தில் அதையேதான் சொன்னார்.

முன்பின் தெரியாத தமிழர்கள் கண்டால் முதலில் ஊரைக் கேட்பார்கள். அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பெயர்கூட இல்லை. தரகர் எல்லாம் சொல்லியிருக்கும்போது தெரிந்ததைக் கேட்பானேன்? வெயிலைப் பற்றிக் கதைத்தோம். கப்பல் சாப்பாட்டில் உறைப்பே இல்லை என்று ஒருவருக்கொருவர் குறைபட்டுக்கொண்டோம். இடையில் இவர் என் முழங்கையில் இடித்தார். நாடி சரியாம்.

மதுஜா நிமிர்ந்து பெடியனைப் பார்த்தாள். பார்த்தவுடன் அவள் முகம் தெளிந்தது. பளிச்சென்று சிரித்தும்விட்டாள். முன்பு அவள் வேண்டாம் என்ற மூன்று பேருக்கும் கிடைக்காத சிரிப்பு. நான் அந்த இடத்திலேயே நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தேன்.

இரண்டு பேரும் நாயைப் பார்க்கிற சாட்டில் ஒதுங்கினார்கள். பிறகு நாயைப் பார்க்காமலே கதைத்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் பிரெஞ்சு, மிச்சமெல்லாம் சிரிப்பு.

அப்போது இவருடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கப்பலில் விட்டுவிட்டு வந்தவர், வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

தரகர்தான். “சிவநேசன் அண்ணை, மன்னிக்கோணும். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளேல்லை. மூண்டு பேரும் சத்தி எடுத்துக்கொண்டு கிடக்கினம். கீழ இறங்கவே இல்லையாம்.”

நான் நிமிர்ந்து எதிரே நின்ற குடும்பத்தைப் பார்த்தேன். அப்படியென்றால் இவர்கள் யார்?

“என்னவாம்?” என்றார் இவர்.

“கப்பலுக்கு நேரத்துக்கு வரட்டாம்” என்றேன்.

மதுஜாவை ஒரு இடிந்த சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். “பிள்ளை, இது அந்தப் பெடியன் இல்லை!”

“தெரியும் அம்மா” என்றாள் அவள், நிதானமாக. “அவரை நான் எப்பவோ ஃபேஸ்புக்கில தேடிப் பாத்திட்டன். இவர் அவரில்லை எண்டு கண்ட உடனதான் எனக்குச் சிரிப்பே வந்தது.”

“அப்ப இவர் ஆர்?”

“கிஷோபன். ஜெனீவா. அவையளும் வேற ஒரு பொம்பிளையைப் பாக்கத்தான் வந்து நிக்கினம். சண்முகநாதன் மாமா எல்லாருக்கும் இதே நாயைத்தான் சொல்லியிருக்கிறார் போல. கிஷோபனுக்கு நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். ரெண்டு பேரும் பேசாமல் இருப்பம் எண்டவர்.” கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அம்மா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு.”

அவள் வாயிலிருந்து இந்த ஒரு வார்த்தை வராதா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், தெருவின் அந்தக் கோடியில் இன்னொரு குடும்பம். தகப்பன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வீட்டு வாசல்களை எண்ணிக்கொண்டு வந்தார். தாய் பட்டுச்சேலை. பக்கத்தில், தலை நிறையப் பூ வைத்த ஒரு பெண்பிள்ளை.

பாவமாகத்தான் இருந்தது.

நான் விறுவிறென்று போய்க் கிஷோபனின் தாயுடைய கையைப் பிடித்தேன். “இதில சரியான வெக்கை அக்கா, வாங்கோ மற்றப் பக்கத்தால போவம்” என்று சொல்லி, அவரைத் திரும்பிப் பார்க்க விடாமல் நடத்திக்கொண்டு போனேன்.