நாற்பத்தேழாவது நாள்

காலை பதினொன்றே கால். தில்லை நகரில் ஒரு மாடியில் இருக்கும் குடிமறப்பு மையத்தின் சிறிய அறையில், காளியாயி தன் கணவன் வீரமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். குடிக்க மாட்டேன் என்று மருங்காபுரிப் பக்கத்து ஊர்க்கோயிலில் அவன் கட்டிக்கொண்ட கயிறு மணிக்கட்டில் மஞ்சள் வெளுத்துக் கிடக்கிறது. நாற்பத்தெட்டு நாளைக்குக் கட்டியது. இன்று நாற்பத்தேழாவது நாள். கீழே ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்கிறது. ஜன்னல் வெயில் மேசையின் பாதி வரை வந்திருக்கிறது.

“இன்னொரு நாப்பத்தெட்டு நாளைக்குக் கட்டிக்கச் சொல்லுங்க மேடம்” என்கிறாள் காளியாயி. ஆலோசகர் ஜோதி எழுதுவதை நிறுத்துகிறார். வீரமலை சிரிக்கிறான். “சாமிகிட்ட நாப்பத்தெட்டுன்னு சொன்னேன். ஒருநாள் தவறுனேனா? சித்தப்பா சாவுலகூட மோர்தான் குடிச்சேன். சாமியே அதுக்கு மேல கேக்கல, நீ என்னடி வட்டி கேக்குற?” கன்னத்தில் சதை பிடித்து, கண் தெளிந்து, கல்யாணத்தன்று பார்த்த முகமாக இருக்கிறான். காளியாயி அந்தக் கயிற்றைப் பார்க்கிறாள். அவன் பொய் சொல்லவில்லை. சொன்ன நாள்வரை சுத்தமாக இருப்பான்; கயிறு அவிழ்ந்த மறுநாளை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். அவன் கட்டைவிரல் கயிற்றின் முடிச்சை மெல்ல உருட்டிக்கொண்டே இருக்கிறது. புதிதாகப் போட்ட கண்ணாடி வளையல்கள் சத்தமிடாதபடி அவள் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். ஜோதி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு, தணிந்த குரலில் அவனைக் கேட்கிறார்.

“நாளன்னைக்குக் காலையில எந்திரிச்சதும், மொதல்ல எங்க போவீங்க?”