முதல் வரிசையில் ஒரு குறட்டை

கச்சேரியில் தூங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. டிரில் மெஷின் கச்சேரியில், அதுவும் முதல் வரிசையில், குறட்டை விட்டுத் தூங்கியது பல் டாக்டரின் மனைவி ஒருத்திதான்.

மேடையில் இருந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எழுபதைத் தாண்டிய ராக் கலைஞர். கிதார் கம்பிமேல் டிரில் மெஷினை ஓட்டுவார். வாஷிங் மெஷினில் ஒரு கூடை ஸ்பூனைக் கொட்டிச் சுற்றவிட்டு, அதற்கு மைக் பிடிப்பார். ரசிகர்களுக்கு அவர் மாஸ்டர். டாக்டரின் மனைவிக்கு டிரில் தாத்தா.

டாக்டருக்கோ அவர் என்றால் உயிர். கிளினிக்கில் நாளெல்லாம் கேட்கிற அதே சத்தத்தைக் காசு கொடுத்து வேறு கேட்கணுமா மாப்பிள்ளை என்று மாமனாரே கேட்டுப் பார்த்துவிட்டார். மாப்பிள்ளை அசையவில்லை. கச்சேரி முடிந்ததும் மாஸ்டரைப் பார்க்க யார் யார் காலையோ பிடித்து அனுமதி வாங்கியிருந்தார். ஒரு கையெழுத்து கிடைத்தால் ஜென்மம் சாபல்யம். கைக்குழந்தையை மச்சினி வீட்டில் விட்டுவிட்டு, மனைவியையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

ஸ்பூன்கள் அலற ஆரம்பித்தன. பின்வரிசையில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். டாக்டரின் மனைவி தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிப்போனாள். டாக்டர் கிள்ளிப் பார்த்தார். ம்ஹூம்.

மாஸ்டர் பார்த்துவிட்டார்.

வாஷிங் மெஷினை அணைத்தார். டிரில்லைக் கீழே வைத்தார். குச்சியை ஓங்கிய டிரம்ஸ்காரரைக் கையமர்த்தினார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் நாற்காலியில் குறுகி உட்கார்ந்தார். போச்சு, மானமே போச்சு.

அரங்கமோ, மாஸ்டர் புதிதாக எதையோ ஆரம்பித்துவிட்டார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டது. தும்மல் வந்த ஒருவர் மூக்கைப் பிடித்தபடி வெளியே ஓடினார். பத்திரிகை விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த மௌனத்துக்குள்தான் எத்தனை இசை என்று பக்கத்து ஆளின் காதைக் கடித்தார். இடையிடையே வந்த குறட்டைக்குச் சிலர் தலைகூட ஆட்டினார்கள்.

கடைசிவரை அவ்வளவுதான் கச்சேரி. மாஸ்டர் எழுந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கூட்டம் கைதட்டாமல், செருப்புச் சத்தம்கூட இல்லாமல் கலைந்து போனது.

மனைவியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, மனசுக்குள் திட்டித் தீர்த்தபடி டாக்டர் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஓடினார்.

"மன்னிச்சிடுங்க மாஸ்டர். என் வீட்டுக்காரி உங்க கச்சேரியையே கெடுத்துட்டா. நீங்க கோவிச்சுக்கிட்டு நிறுத்தினது நியாயந்தான்."

"கோவமா? என் சத்தத்தைக் கேட்டு ஊரே எழுந்து ஓடும். அதுலயும் ஒரு மனுஷி தூங்குறாங்கன்னா, தூங்கி எத்தனை நாளாச்சோ. எழுப்ப மனசு வரல."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பியது. "வீட்டுல கைக்குழந்தை மாஸ்டர். ராத்திரியெல்லாம் அழுதுட்டே இருக்காம். அவதான் சொன்னா."

"அவங்க சொல்லித்தான் தெரியுமா? நீங்க வெளியூர்ல வேலையோ?"

"ஐயோ, இல்ல மாஸ்டர். அதே ரூம்லதான் படுப்பேன்." டாக்டர் பெருமையோடு பையிலிருந்து ஹெட்போனை எடுத்தார். "படுத்ததும் இதை மாட்டி உங்க பாட்டைப் போட்டுருவேன். விடியுற வரைக்கும் வேற ஒரு சத்தம் காதுல விழாது. இதுலயே ஒரு கையெழுத்து..."

மாஸ்டர் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்:

"இனிமே ராத்திரியில இது அந்தம்மா காதுல இருக்கட்டும். குழந்தையோட கச்சேரியை நீங்க கேளுங்க."