காற்றாடிக்கு வந்த சோதனை

“இஞ்சாருங்கோ, கீழ பொலிஸ் ஜீப் வந்து நிக்குது! உந்தக் காத்தாடியைக் கழட்டுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

தையல்நாயகி ஜன்னலடியில் நின்று கத்தினாள். அவளுடைய கணவர் பொன்னம்பலம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முழுகி, அயர்ன் பண்ணிய சேட்டுடன் உட்கார்ந்திருந்தார்.

“வரட்டும். தேத்தண்ணிக்குத் தண்ணியைக் கொதிக்க வையும்.”

தொண்ணூற்றாறில் மழை பொய்த்ததில் கொழும்பு முழுக்க மின்வெட்டு. வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்டே இருந்த அந்த மாடிவீட்டின் உச்சியில் இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, பழைய கார் டைனமோவில் பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் செய்த மூன்று இறக்கைகளைப் பூட்டி ஏற்றியிருந்தார் பொன்னம்பலம். கீழ்வீட்டு ஸவாஹிர் அன்றிலிருந்து அவரை விடவில்லை.

“என்ன பொன்னம்பலம், ஊடு எப்ப பறக்கும்? எங்களையும் ஏத்திட்டுப் போவீங்களா?”

ஆனால் தமிழர் வீட்டு மாடியில் புதிதாக ஒரு கம்பம் முளைப்பது அந்த நாட்களில் பகிடி இல்லை. நகரத்தில் குண்டு வெடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ‘வயர்லெஸ்’ என்று யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், ஆள் உள்ளே.

சப் இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களுடன் மாடிக்கு ஏறினார். பின்னாலேயே ஸவாஹிரும் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“இதால யாரோட பேசுறே?” சிங்களத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“காத்தோட மட்டும்தான் சேர்,” என்று பொன்னம்பலமும் சிங்களத்திலேயே சொன்னார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“சேர், இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் கிறுக்கு. மத்தப்படி தங்கமான ஆள்,” என்று இடையில் புகுந்தார் ஸவாஹிர்.

கம்பத்திலிருந்து இறங்கிய வயரைப் பிடித்துக்கொண்டே ஒரு கான்ஸ்டபிள் சமைக்கும் குசினி வரை போனார். வயர் ஒரு கார் பற்றரியில் முடிந்தது. பொன்னம்பலம் சுவிட்சைப் போட்டார். வெள்ளவத்தை முழுவதும் கரண்ட் இல்லாத அந்த நேரத்தில் குசினி பல்ப் பளிச்சென்று எரிந்தது. மேலே கடல்காற்றில் இறக்கைகள் விர்ரென்று சுழன்றுகொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் பல்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தேநீரை வாங்கிக் குடித்தார். “வெறும் காற்றாடிதான். பிரச்சினை இல்லை,” என்று ஸ்டேஷனுக்கு வாக்கிடோக்கியில் அறிவித்துவிட்டு இறங்கிப் போனார்.

ஜீப் மறைந்ததும் தையல்நாயகி ஸவாஹிர் பக்கம் திரும்பினாள்.

“பொலிஸுக்குச் சொன்னது நீங்கள்தானே?”

“அல்லா மேல சத்தியமா நான் செல்லல்ல! பகிடி பண்ணுவேன், காட்டிக் குடுப்பேனா?”

“அப்ப எந்தப் பாழ்படுவான் சொன்னவன்? அவன்ர நாக்கு அழுக! அவன்ர கை விளங்காமல் போக!”

“ஐயோ, அப்பிடித் திட்டாதையும்,” என்றார் பொன்னம்பலம், கையைத் தடவிக்கொண்டே.

“ஏன், திட்டினால் உங்களுக்கென்ன நோகுது?”

“எண்டைக்கோ ஒருநாள் ஆரோ சொல்லத்தானே போறாங்கள். இன்னொரு குண்டு வெடிச்ச அண்டைக்கு வந்தாங்களெண்டால் பல்பைப் பாப்பாங்களே? ஆளைத்தான் ஜீப்பில ஏத்துவாங்கள். அதுதான் நல்லாக் காத்தடிக்கிற நாளாப் பாத்து, விடியவே சந்திக்கடைக்குப் போய் நானே போன் பண்ணிச் சொன்னனான்.”