ரெண்டாவது வழி

“எந்தப் புண்ணியவான் எழுதின ஸ்கிரிப்ட் இது? பேரைச் சொல்லும்மா!”

மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவர் போட்ட சத்தத்தில் சர்வர் அறையின் ஏசிக்கே வியர்த்திருக்கும்.

எதிரே உட்கார்ந்திருந்த ஒப்பந்த இன்ஜினியர் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு குறைவு, குறும்பு அதிகம் என்பதால் அவளுக்கு அலுவலகத்தில் ‘ஊமைக்குசும்பி’ என்று பெயர்.

தலைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘ரெண்டாவது வழி’. எதுக்கும் ரெண்டாவது வழி ஒண்ணு வேணும் என்று நாளைக்கு நாலு தரமாவது சொல்வார். சட்டைப் பையில் இரண்டு பேனா, பையில் இரண்டு குடை, மூக்குக்கண்ணாடியும் இரண்டு. மனைவி விஷயத்தில் மட்டும் ரெண்டாவது வழி கிடையாது என்பதை அந்த அம்மாளே அவ்வப்போது நினைவுபடுத்துவார்.

அந்த மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தன. சர்வரிலிருந்து அதற்கு இரண்டு கேபிள். ஒன்று போனால் வேலையை மற்றதற்குத் தானாக மாற்றிவிட ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம். போன வாரம்தான் சர்வருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றியிருந்தாள் ஊமைக்குசும்பி. இன்று காலை, பெரிய டாக்டர் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, சோதனைக்காகத் தலைவரே ஒரு கேபிளை உருவினார்.

மாறவில்லை. கேபிளைத் திரும்பச் சொருகியும், எல்லா டாக்டர்கள் மேஜையிலும் பதினோரு நிமிஷம் படம் உறைந்து நின்றது.

“பன்னிரண்டு மணிக்கு என் ரூமுக்கு வாங்க. யார் தப்புன்னு எனக்குத் தெரியணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பெரிய டாக்டர்.

“சரி, கோளாறு என்னன்னாவது சொல்லு” என்றார் தலைவர்.

“ஸ்கிரிப்ட் அந்தப் பெட்டியில இருக்கற டிஸ்கை அதோட கதவு எண்ணை வெச்சுத் தேடுது சார். புது சிஸ்டம் கதவு எண்ணை எல்லாம் மாத்திக் கொடுத்திருச்சு. தேடிப் போன வீட்டுல வேற ஆள் குடியிருக்கான்.”

“கதவு எண்ணை நம்பி எவனாவது எழுதுவானா? டிஸ்குலயே பொறிச்ச எண் ஒண்ணு இருக்கே, அது என்னைக்கும் மாறாதே! அரிச்சுவடிம்மா இது!”

“ஆமா சார். அரிச்சுவடிதான்.”

“எந்த முட்டாள் எழுதினான்?”

“அது எதுக்கு சார் இப்ப? மாத்தி எழுதிட்டேன். கேபிளை உருவிப் பாருங்க.”

தலைவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு உருவினார். இரண்டே நொடி. வேலை அடுத்த கேபிளுக்குத் தாவிவிட்டது. மேஜைகளில் படம் இமைகூடக் கொட்டவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இவள் ஏன் பெயரைச் சொல்ல இப்படித் தயங்குகிறாள்? தலைவருக்குப் பொறி தட்டியது. அடிப்பாவி, நீயேதானா!

பன்னிரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் முன்னால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “யார் தப்புங்கறதை இவங்க வாயாலேயே கேளுங்க டாக்டர்.”

ஊமைக்குசும்பி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

“என் தப்புதான் டாக்டர். சிஸ்டத்தை மாத்தறதுக்கு முன்னாடியே ஸ்கிரிப்டை நான் படிச்சுப் பார்த்திருக்கணும்.”

“இனிமே பார்த்துச் செய்ங்க” என்று பெரிய டாக்டர் முடித்துக்கொண்டார். தலைவருக்குத்தான் மனசு ஆறவில்லை.

அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. கணவனுக்கு வேலை போய் மூன்று மாதம். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதெல்லாம் தலைவருக்கும் தெரியும். ஆனாலும் தன் அறைக்கு வந்ததும் ‘இனிச் சேவை தேவையில்லை’ என்று கடிதம் அடித்தார். அத்தாட்சியாகப் பழைய ஸ்கிரிப்டையும் சேர்த்துவிடலாம் என்று, போன வாரத்துப் பிரதியைத் தேடித் திறந்தார்.

முதல் வரி: ‘இதில் யாரும் கை வைக்கக் கூடாது.’

இரண்டாவது வரியில் எழுதியவர் பெயர், தேதி. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. பெயர், அவர் அறைக் கதவுக்கு வெளியே பலகையில் இருக்கிற அதே பெயர்.

பதவி உயர்ந்த நாளிலிருந்து அவர் ஸ்கிரிப்ட் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை; தான் எழுதியதுதான் இன்னமும் ஓடுகிறது என்பதே மறந்துபோயிருந்தது. அந்தப் பதவி உயர்வு எதற்காகக் கிடைத்தது என்பதைச் சுவரில் மாட்டியிருந்த கேடயம் சொன்னது: ‘தானாக வழி மாற்றும் சிறந்த ஸ்கிரிப்டுக்காக.’

ஊமைக்குசும்பியைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீ... பார்த்தியாம்மா? ரெண்டாவது வரியை?”

“காலையில திறந்ததுமே பார்த்துட்டேன் சார்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“முட்டாள்னு நீங்களே சொன்னப்புறம் எப்படி சார்? அதுவும் பெரிய டாக்டர் முன்னாடி. உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்ல.”

தலைவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணும் கலங்கிவிட்டது. அடித்து வைத்த கடிதத்தை நாலாகக் கிழித்தார். புதுத்தாள் எடுத்து, ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிப்பதாகத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

“அந்த வரியை மட்டும்...” என்று இழுத்தார்.

“சர்வர்ல காலையிலேயே அழிச்சுட்டேன் சார். நீங்க இப்ப பார்த்த பிரதியையும் அழிச்சுடறேன்.”

“மகராசியா இரும்மா!”

கதவு வரை போனவள் திரும்பினாள்.

“என்கிட்ட மட்டும் ஒரு பிரதி பத்திரமா இருக்கு சார். எதுக்கும் ரெண்டாவது வழி ஒண்ணு வேணும்னு நீங்கதானே சொல்வீங்க?”

தலைவர் கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது. சட்டைப் பையிலிருந்த ரெண்டாவது பேனாவை எடுத்து, ‘ஓராண்டு’ என்பதை அடித்துவிட்டு, ‘ஈராண்டு’ என்று திருத்தினார்.